இறங்கும்போது எவ்வளவு மிச்சம்?

1973 அக்டோபர் 21 அன்று ஆஸ்திரியாவின் வெல்ஸ் நகரில் ஒரு சிறு விமானம் மேலே கிளம்பியது. பெயர் எம்பி-இ1. எச்பி-3 என்ற மோட்டார் கிளைடரின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பாஷ் மின் மோட்டார் ஒன்றைப் பொருத்தி, நிக்கல்-காட்மியம் பேட்டரிகளை ஏற்றியிருந்தார்கள். யோசனை ஃப்ரெட் மிலிட்கியுடையது; ஓட்டியவர் ஹைனோ பிர்டிச்கா. ஆளைச் சுமந்துகொண்டு மின்சாரத்தால் மட்டுமே பறந்த முதல் விமானம் அதுதான். கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டது. பேட்டரியில் அவ்வளவுதான் இருந்தது.

ஒருவர் உட்கார்ந்து பறக்கும் மின் விமானத்தைத் தாமே வடிவமைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மோட்டாரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எத்தனை கிலோவாட், எந்தக் கம்பெனி, என்ன விலை என்று பட்டியல் போடுகிறார்கள். ஆனால் மோட்டார் விவகாரம் ஏறக்குறைய தீர்ந்துபோன ஒன்று. 2016 ஜூலையில் எக்ஸ்ட்ரா 330எல்இ விமானத்தில் பறந்த சீமென்ஸ் மோட்டார், 50 கிலோ எடையில் 260 கிலோவாட் கொடுத்தது. கிளைடர்களின் மூக்கில் பொருத்துகிற ஸ்லொவேனிய எஃப்இஎஸ் மோட்டார் ஏழு கிலோ சொச்சம்தான். 22 கிலோவாட் வரை இழுக்கும். ஓர் ஆள் விமானத்துக்கு அது கிட்டத்தட்டப் போதும்.

தொடங்கவேண்டிய இடம் வேறு என்பது என் எண்ணம்: பயணத்தின் கடைசி இரண்டு நிமிடங்கள். பேட்டரி வடிந்திருக்கிறது, செல்கள் சூடேறியிருக்கின்றன, சக்கரம் தரையைத் தொட இன்னும் கொஞ்சம் உயரமே பாக்கி. அப்போது ஓடுபாதையில் ஒரு மாடோ, இன்னொரு விமானமோ குறுக்கே வந்துவிடுகிறது. விமானி முழு விசையையும் கொடுத்து மறுபடி மேலே ஏறியாக வேண்டும். அந்த இரண்டு நிமிடத்துக்குக் கேட்கிற சக்தியை பேட்டரி தருமா? இந்தக் கேள்வியிலிருந்து பின்னோக்கி நடந்து வந்தால், செல் எது, வோல்ட் எவ்வளவு, இறக்கை எப்படி என்பதெல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்காரும்.

பெட்ரோல் விமானத்தில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. டாங்கியில் கடைசி லிட்டர் இருக்கும்போதும் எஞ்சின் முதல் லிட்டரில் தந்த அதே சக்தியைத் தரும். அதோடு, எரிந்த எரிபொருளின் எடை கழிந்து விமானம் இலகுவாகியிருக்கும். பேட்டரி இரண்டிலும் எதிர்மாறு. வடிய வடிய ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தமும் இறங்குகிறது. உள்ளே இருக்கும் மின்தடை கூடுகிறது. அதே கிலோவாட்டை எடுக்க முன்பைவிட அதிக ஆம்பியர் இழுக்கவேண்டியிருக்கிறது. அதனால் மின்னழுத்தம் இன்னும் இறங்குகிறது. எடையோ ஒரு கிராமும் குறைவதில்லை. கிளம்பிய அதே எடையோடுதான் இறங்க வேண்டும்.

கையில் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு ஒரு விமானத்தைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். மொத்த எடை 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். விமானி 90 கிலோ, உடலும் இறக்கையும் 120, மோட்டார், கன்ட்ரோலர், ப்ரொப்பெல்லர் மூன்றும் சேர்ந்து 25, மீதி 65 கிலோ பேட்டரி. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், தூக்குவிசை இழுவையைப் போல 15 மடங்கு இருக்கும்படி இறக்கை அமைந்திருக்கிறது. சுமாரான, கட்டக்கூடிய விமானம்தான்.

300 கிலோவைத் தாங்கி நிற்க ஏறக்குறைய 2940 நியூட்டன் தூக்குவிசை வேண்டும். 15-ல் ஒரு பங்கு இழுவை, அதாவது 196 நியூட்டன். அந்த இழுவையை எதிர்த்து விநாடிக்கு 25 மீட்டர் நகர 4.9 கிலோவாட் போதும். ப்ரொப்பெல்லரில் ஐந்தில் ஒரு பங்கும், மோட்டாரிலும் கன்ட்ரோலரிலும் பத்தில் ஒரு பங்கும் வீணாகும். ஆகவே பேட்டரி கொடுக்க வேண்டியது 6.8 கிலோவாட். நான்கைந்து வீட்டு ஏசிகள் இழுக்கும் மின்சாரத்தில் ஒரு மனிதர் 90 கிலோமீட்டர் வேகத்தில் வானத்தில் போகிறார். இந்த எண்ணை நான் எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் மனம் மலர்கிறது. இறக்கை செய்கிற உதவி அவ்வளவு.

மேலே ஏறுவதற்கு மட்டும் கூடுதலாக வேண்டும். விநாடிக்கு இரண்டரை மீட்டர் வீதம் ஏறினால், எடையைத் தூக்கவே 7.4 கிலோவாட். ஏறும்போது ப்ரொப்பெல்லரின் திறன் சற்றுக் குறைவு. எல்லாம் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 20 கிலோவாட். ஓடுபாதையை விட்டுக் கிளம்பும் சில விநாடிகளுக்கு 25 என்று வைத்துக்கொண்டால் நிம்மதி.

இப்போது இறக்கையை எடுத்துவிட்டு, பெரிய ட்ரோன் போல நேராக மேலே எழும்பும் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எடையைக்கூட 250 கிலோவாகக் குறைத்துவிடலாம். பேட்டரி 40 கிலோ. 1.2 மீட்டர் விட்டமுள்ள எட்டு ப்ரொப்பெல்லர்கள். காற்றில் சும்மா நிற்பதற்கே, எல்லா நட்டத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 41 கிலோவாட் ஆகிறது. இறக்கை விமானம் முன்னே போய்க்கொண்டிருக்கச் செலவிடுவதைப் போல ஆறு மடங்கு, இது ஓரிடத்தில் நிற்பதற்கே.

காரணம் காற்றிலேயே இருக்கிறது. கீழ்நோக்கித் தள்ளும் காற்றின் நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது உந்துவிசை. ஆனால் அந்தக் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய ஆற்றலோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே, நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுகிறவனுக்கு அதே உந்துவிசை மலிவாகக் கிடைக்கிறது. கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளுகிறவன் அதிக விலை கொடுக்கிறான். கனடாவில் ஏரோவெலோ குழு கட்டிய அட்லஸ் என்ற ஹெலிகாப்டர் 2013 ஜூனில் இதை எல்லை வரை கொண்டுபோய்க் காட்டியது. சைக்கிள் மிதிக்கும் ஒரே மனிதனின் கால் பலத்தால் அது 64 விநாடிகள் காற்றில் நின்றது. மூன்று மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அதற்காக அவர்கள் அமைத்த நான்கு சுழலிகளில் ஒவ்வொன்றும் சுமார் 20 மீட்டர் விட்டம்! அவ்வளவு அகலமான வட்டத்தில் காற்றைத் தடவிக்கொடுப்பது போலத் தள்ளினால் ஏறக்குறைய ஒரு கிலோவாட்டில் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அதை வீட்டு முற்றத்தில் நிறுத்த முடியாது. நிறுத்தும் அளவுக்குச் சுருக்கினால் கிலோவாட் ஏறுகிறது.

நேராக எழும்பவும் வேண்டும், தூரமும் போக வேண்டும் என்பவர்கள் இரண்டையும் கலக்கிறார்கள். அமெரிக்காவின் பிவோட்டல் நிறுவனம் விற்கும் ஹீலிக்ஸ், முன்னும் பின்னுமாக இரண்டு இறக்கைகளும் எட்டு ப்ரொப்பெல்லர்களும் கொண்டது. மூக்கை வானத்தை நோக்கி உயர்த்தி எழும்பும்; பிறகு உடலோடு சாய்ந்து இறக்கையில் பறக்கும். அப்படியும் அதன் தூரம் சுமார் 32 கிலோமீட்டர்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த ஈ-ப்ளேன் நிறுவனமும் எழும்பத் தனிச் சுழலிகள், பறக்க இறக்கை என்ற கலப்பு வழியைத்தான் எடுத்திருக்கிறது. எந்த வழியில் போனாலும் நின்றபடி மிதக்கும் நிமிடங்கள் மிகக் குறைவாக இருக்கவேண்டும். இந்த வகை விமானங்களுக்கு அந்தக் கடைசி இரண்டு நிமிடம் இன்னும் கடுமையானது: பேட்டரி வடிந்த நேரத்தில்தான் அதிகபட்ச சக்தி தேவைப்படுகிறது, தினமும், ஒவ்வொரு முறை இறங்கும்போதும். இறக்கை விமானத்துக்கு அது எப்போதாவது வரும் ஆபத்து. இதற்கு வழக்கமான வேலை.

நம் 300 கிலோ விமானத்துக்குத் திரும்புவோம். அதில் 65 கிலோ பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் இருக்கும்? பெட்டி, கம்பி, குளிர்விக்கும் தகடு எல்லாவற்றையும் சேர்த்து கிலோவுக்கு 170 வாட்-மணி என்பது இன்று நியாயமான கணக்கு. அதாவது 11 யூனிட். மின் கட்டண ரசீதில் வரும் அதே யூனிட். பெட்ரோலில் ஒரு கிலோவுக்குள் ஏறக்குறைய 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. சிறிய எஞ்சின் அதில் முக்கால் பங்கை வெப்பமாக வீணடிக்கும் என்று கழித்தாலும், நமது 65 கிலோ பேட்டரி செய்யும் வேலையை நாலரை லிட்டர் பெட்ரோல் செய்துவிடும். மின் விமானத்தை விரும்புகிறவர்கள் இந்த எண்ணை மறைக்காமல் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நான் விரும்புகிறவன்தான்.

இந்தப் பள்ளத்தைப் பேட்டரியைக் கூட்டி நிரப்ப முடியாது. கூட்டினால் எடை ஏறும்; எடை ஏறினால் இறக்கை பலமாக வேண்டும்; அதுவும் எடைதான். இறக்கையைச் சீராக்கினால்தான் விடிவு. தூரம் என்பது நான்கு எண்களின் பெருக்கல்: மொத்த எடையில் பேட்டரியின் பங்கு, ஒரு கிலோ பேட்டரியில் உள்ள ஆற்றல், மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் சேர்ந்த திறன், தூக்குவிசைக்கும் இழுவைக்கும் உள்ள விகிதம். திறனில் இனி அள்ளுவதற்கு அதிகமில்லை. செல்லின் ஆற்றல் வேதியியலாளர்கள் கையில் இருக்கிறது. விமானம் கட்டுகிறவனின் கையில் இருப்பது கடைசி எண்தான். 15 என்பதை நீண்டு மெலிந்த இறக்கையால் 30 ஆக்கினால், ஒரு கிலோ பேட்டரியும் கூட்டாமல் தூரம் இரட்டிப்பாகிறது. 2011-ல் கலிஃபோர்னியாவில் நாசாவின் பசுமைப் பறத்தல் போட்டியில் வென்றது ஸ்லொவேனியாவின் பிபிஸ்ட்ரல் நிறுவனம் கட்டிய டாரஸ் ஜி4. இரண்டு கிளைடர் உடல்களை ஒரே இறக்கையில் கோத்து, நடுவில் ஒரு மோட்டாரை வைத்த விமானம். நான்கு பேரை ஏற்றும் அது, இரண்டு மணி நேரத்துக்குள் சுமார் 320 கிலோமீட்டர் பறந்தது. பரிசு 13.5 லட்சம் டாலர். இரண்டாவது வந்த ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் இ-ஜீனியஸும் கிளைடர் வம்சம்தான். இது தற்செயலாக நடந்ததில்லை.

ப்ரொப்பெல்லர் தேர்வு இந்த இடத்தில் வருகிறது, மோட்டாருக்கு முன்பாக. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது மலிவு என்ற அதே விதிப்படி, தரையில் இடிக்காத அளவுக்குப் பெரியது, காதைக் கிழிக்காத அளவுக்கு மெதுவானது. 1.6 மீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 2400 சுற்று என்று வைத்தால், நுனி விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் ஓடும்; ஒலியின் வேகத்தில் ஏறக்குறைய 60 சதவீதம். அதற்கு மேல் போகப் போக இரைச்சல் கடுமையாகக் கூடும்; ஒலியின் வேகத்தை நெருங்கும்போது திறனும் சரியும். இன்னும் மெதுவாகச் சுழற்றினால் இன்னும் நல்லது.

ஆனால் மெதுவாகச் சுழற்றுவதற்கு ஒரு விலை உண்டு. சக்தி என்பது முறுக்குவிசையும் சுழற்சி வேகமும் பெருக்கினால் வருவது; வேகத்தைக் குறைத்தால் முறுக்குவிசையைக் கூட்டியாக வேண்டும். நம் விமானத்துக்கு 90 நியூட்டன்-மீட்டர். மின் மோட்டாரின் எடையை முடிவு செய்வது கிலோவாட்டைவிட இந்த முறுக்குவிசைதான், ஏனென்றால் அதைத் தருவது செம்பும் இரும்பும் காந்தமும். அதனால்தான் விமான மோட்டார்கள் நீண்ட உருளையாக இல்லாமல் அகலமான தட்டு வடிவில் இருக்கின்றன: காந்தம் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நெம்பு. ஸ்லொவேனியாவின் எம்ராக்ஸ் 228 என்ற மோட்டார் 228 மில்லிமீட்டர் விட்டமும் 12 கிலோ சொச்சம் எடையும் கொண்டது. 90 நியூட்டன்-மீட்டரை மூச்சு வாங்காமல் தரும். பல்சக்கரம் வைத்து, சிறிய மோட்டாரை வேகமாகச் சுழற்றுவதும் ஒரு வழி. கொஞ்சம் எடை மிச்சமாகும்; எண்ணெயும் தேய்மானமும் அதிர்வும் கூடவே வரும். ஓர் ஆள் விமானத்தில் நேரடி இணைப்பே மேல் என்பேன்.

மோட்டாரைப் பற்றி எச்சரிக்கை ஒன்றுதான்: சூடு. உள்ளே இருக்கும் நியோடிமியம் காந்தங்கள் சாதாரண ரகமாக இருந்தால் 80 பாகை செல்சியசுக்கு மேல் காந்த பலத்தை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். 150 பாகை தாங்கும் ரகம் உண்டு, விலை கூடுதல். விளம்பரத்தில் இருக்கும் உச்ச கிலோவாட் ஓரிரு நிமிடத்துக்கு உரியது. தொடர்ந்து எவ்வளவு தரும் என்ற எண்ணைக் கேட்டு, அதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வோல்ட் எவ்வளவு என்பதில் கட்டுகிறவர்களிடையே எப்போதும் வாதம் நடக்கிறது. ஒரே கிலோவாட்டுக்கு வோல்ட்டை நான்கு மடங்காக்கினால் ஆம்பியர் நான்கில் ஒன்றாகும். கம்பியில் வெப்பமாகப் போகும் நட்டம் பதினாறில் ஒன்றாகும். ஆகவே பெரிய விமானங்கள் எல்லாம் மேலேதான் போகின்றன. 2020 ஜூனில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் சான்றிதழ் பெற்ற பிபிஸ்ட்ரல் வெலிஸ் எலெக்ட்ரோ, உலகில் அப்படிச் சான்று பெற்ற முதல் முழு மின் விமானம். அதன் பேட்டரி 345 வோல்ட். நம்முடையதற்கு 28 செல்களைத் தொடராகக் கோத்து 100 வோல்ட் வைப்பேன். 25 கிலோவாட்டுக்கு 250 ஆம்பியர். அதற்கு விரல் தடிமன் செப்புக் கம்பி வேண்டும். ஆனால் மோட்டாரும் பேட்டரியும் அருகருகே இருக்கும் சிறு விமானத்தில் அந்தக் கம்பி நாலு மீட்டர், இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். இந்த வோல்ட்டுக்கு ஏற்ற டிரான்சிஸ்டர்கள் மலிவு, நட்டமும் குறைவு. கவனிக்க வேண்டியது: 100 வோல்ட்டும் உயிர் வாங்கக்கூடியதுதான். பொதுவாக 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரத்தை ஆபத்தான பட்டியலில் வைப்பார்கள்.

நேர்மின்சாரத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. வீட்டு மின்சாரம் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுச் செல்வதால், சுவிட்சில் எழும் தீப்பொறி தானாக அணைந்துவிடும். பேட்டரி மின்சாரத்துக்கு அந்த இடைவெளியே கிடையாது. பிரித்த இரு முனைகளுக்கு நடுவே பொறி அறுபடாமல் நின்று எரியும். மாறுமின்சாரத்துக்கான ஃப்யூஸைக் கொண்டுவந்து இங்கே மாட்டினால் அது உருகிய பிறகும் மின்சாரம் பாயக்கூடும். இதேபோல, கன்ட்ரோலருக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கிகள் காலியாக இருக்கும்போது பேட்டரியை நேரே இணைத்தால், ஒரு கணம் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து சுவிட்சின் முனைகள் பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். பிறகு அவசரத்தில் அணைக்க முடியாது. முதலில் ஒரு மின்தடை வழியாக மெதுவாக நிரப்பி, அப்புறம்தான் பிரதான சுவிட்ச் மூட வேண்டும். சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள இந்தச் சிறு ஏற்பாட்டை விட்டுவிட்ட விமானத்தில் நான் ஏறமாட்டேன்.

செல்லுக்கு வருவோம், கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்வி இங்கேதான் தன் முழு பலத்தையும் காட்டுகிறது. கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிய 21700 உருளைச் செல்களில் இரண்டு குணம் உண்டு. ஒரு வகை ஆற்றல் மிகுந்தது: 5 ஆம்பியர்-மணி, 70 கிராம், 18 வாட்-மணி, ஆனால் 10 ஆம்பியர் அளவில் இழுத்தாலே திணறும். இன்னொரு வகை சக்தி மிகுந்தது: தைவானின் மோலிசெல் பி42ஏ போன்றது, அதே 70 கிராமில் 15 வாட்-மணி; ஆனால் 45 ஆம்பியர் வரை தாங்கும். நம் பேட்டரிக்கு 28 தொடர், 26 இணை, ஆக 728 செல்கள் வேண்டும். செல் எடை 51 கிலோ. பெட்டியும் மற்றதும் 14 கிலோ. ஏறும்போது 200 ஆம்பியர். 26-ஆல் வகுத்தால் ஒரு செல்லுக்கு 8 ஆம்பியருக்குள். அப்படியானால் முதல் வகையே போதுமே, ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் கூடுதலாகக் கிடைக்குமே என்று தோன்றும். காகிதத்தில் அது சரி.

ஆனால் பேட்டரியை இரண்டு தனித்தனிப் பாதியாகத்தான் கட்ட வேண்டும், ஒன்று செயலிழந்தால் மற்றது விமானத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க. வெலிஸ் எலெக்ட்ரோவில் இப்படி இரண்டு பேட்டரிகள் இருக்கின்றன. ஒரு பாதி போய்விட்ட நிலையில் மேலே ஏற வேண்டுமானால் அதே 200 ஆம்பியரை 13 செல்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும்: செல்லுக்கு 15 ஆம்பியர். ஆற்றல் செல் அங்கே கைவிட்டுவிடும். சக்திச் செல் தாங்கும். அதனால் அந்தக் கூடுதல் ஆற்றலை விட்டுக்கொடுத்து, மோசமான நாளுக்கான சக்தியை வாங்கிக்கொள்கிறோம். இந்தப் பேரத்தில் எனக்குத் துளியும் தயக்கமில்லை.

2019 ஆகஸ்டில் நார்வேயின் ஆரெண்டால் அருகே ஆல்ஃபா எலெக்ட்ரோ விமானம் ஒன்று நடுவானில் உந்துசக்தியை இழந்தது. நார்வே விமான நிலைய நிறுவனத்தின் தலைவரே ஓட்டினார்; அரசுச் செயலர் ஒருவர் உடன் இருந்தார். விமானம் சறுக்கியபடி ஓர் ஏரியில் இறங்கியது, இருவருக்கும் காயமில்லை. இறக்கை இருந்தது, அதனால் நேரம் இருந்தது. இறக்கையில்லாத எட்டுச் சுழலி விமானத்தில் ஒரு மோட்டார் நின்றால் எஞ்சியவை அந்தக் கணமே கூடுதல் பாரத்தை ஏற்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு மோட்டாரையும் சாதாரணத் தேவையைவிட வெகு அதிகத்துக்கு அளவெடுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

வெப்பத்தைக் கணக்கிடும்போது இரு வகை விமானங்களுக்கும் உள்ள இடைவெளி திடுக்கிட வைக்கிறது. ஒரு செல்லின் உள்மின்தடை 15 மில்லி ஓம் என்று கொண்டால், நம் இறக்கை விமானம் 600 மீட்டர் ஏறும் நான்கு நிமிடத்தில் பேட்டரி மூன்று, நான்கு பாகைதான் சூடாகும். ஓட்டைகள் வழியே வரும் காற்றே போதும். 40 கிலோ பேட்டரியில் 41 கிலோவாட் இழுக்கும் சுழலி விமானத்திலோ நான்கு கிலோவாட்டுக்கு மேல் பேட்டரிக்குள்ளேயே வெப்பமாகிறது. மின்சாரம் தீர ஆகும் பத்து நிமிடத்தில், வெப்பத்தை வெளியேற்ற வழி செய்யாவிட்டால், கணக்குப்படி எண்பது, தொண்ணூறு பாகை ஏறிவிடும். செல்கள் பொதுவாக 60 பாகையைத் தாண்டக்கூடாது. திருச்சியிலோ வேலூரிலோ சித்திரை மாத மதியத்தில் 40 பாகையிலிருந்து தொடங்குகிற பேட்டரிக்கு மிச்சமிருப்பது 20 பாகை. போதாக்குறைக்கு அந்தச் சூட்டில் காற்றின் அடர்த்தியும் எட்டு சதவீதம் போலக் குறைந்து, மிதக்கக் கூடுதல் சக்தி கேட்கும்.

சூடு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதை நாசா தன் எக்ஸ்-57 விமானத் திட்டத்தில் 2016 டிசம்பரில் கண்டது. ஒரு செல்லை வேண்டுமென்றே பற்றவைத்து, தீ பக்கத்துச் செல்லுக்குப் பரவுகிறதா என்று பார்த்தார்கள். பரவியது. பேட்டரியை முழுவதும் மறுபடி வடிவமைத்து, 2017-ல் அதே சோதனையில் தேறினார்கள். விமானம் கடைசி வரை பறக்காமலே 2023-ல் திட்டம் முடிந்தது. ஆனாலும் அந்தச் சோதனை மட்டுமே மின் விமானம் கட்டுகிற எல்லோருக்கும் பெரிய கொடை என்று நினைக்கிறேன். செல்லுக்கும் செல்லுக்கும் இடையே இடைவெளி, வெப்பத்தை விரித்து வாங்கிக்கொள்ளும் உலோகம், எரிவாயு விமானியின் பக்கம் வராமல் வெளியே போகத் தனிப் புகைவழி: இவை எல்லாம் சேர்ந்துதான் 51 கிலோ செல்லை 65 கிலோ பேட்டரியாக்குகின்றன. அந்த 14 கிலோவில் கை வைத்து எடையைக் குறைக்க ஆசை வரும். 2017 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பார்ஹம் விமானத்தளத்தில் மின் மோட்டார் கொண்ட ஒரு கிளைடர் தரையிறங்கும் வேளையில் அதன் பேட்டரி தீப்பிடித்தது. பத்து நிமிடம் முன்னால் பிடித்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தால் அந்த ஆசை போய்விடும்.

இப்போது பறக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்க்கலாம். 11 யூனிட்டில் அடியில் பத்து சதவீதத்தைத் தொடுவதில்லை. 10 யூனிட் என்று கொள்வோம். தரையில் ஓடிக் கிளம்ப 0.3. 600 மீட்டர் ஏற 1.3. மறுபடி ஏற நேர்ந்தால் அதற்கு 0.5. பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துப் பறப்பவர்களுக்குப் பல நாடுகளில் வழக்கமான அரை மணி நேர ரிசர்வ், 3.4. எல்லாம் போக மிச்சம் 4.5 யூனிட். 6.8-ஆல் வகுத்தால் 40 நிமிடம், 60 கிலோமீட்டர். இறங்கும்போது ப்ரொப்பெல்லரைக் காற்றாலையாக்கி மின்சாரத்தைத் திரும்ப எடுக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். 600 மீட்டர் உயரத்தில் இந்த விமானத்திடம் இருக்கும் நிலையாற்றல் மொத்தமே அரை யூனிட். அதில் பெரும்பகுதி இழுவைக்கே போய்விடும். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

பேட்டரி பழசாகும்போது நடப்பதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சில நூறு முறை ஏற்றி இறக்கிய பிறகு கொள்ளளவு 80 சதவீதமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 யூனிட் 8.8 ஆகிறது, பயன்படுத்தக்கூடியது 7.9. ஆனால் கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் வேண்டிய மின்சாரம் குறைவதில்லை. ரிசர்வும் குறைவதில்லை. அந்த 5.5 யூனிட்டைக் கழித்தால் மிச்சம் 2.4. அதாவது 21 நிமிடம். பேட்டரி இழந்தது ஐந்தில் ஒரு பங்கு. விமானி இழப்பது ஏறக்குறைய பாதிப் பயணம். கைப்பேசியிலும் ஸ்கூட்டரிலும் 80 சதவீத பேட்டரி என்பது சகித்துக்கொள்ளக்கூடிய முதுமை. விமானத்தில் அது பேட்டரியை மாற்றவேண்டிய வயது. விலைக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த மாற்றுச் செலவையும் மணி நேரக் கட்டணத்தில் சேர்க்க வேண்டும்.

வெலிஸ் எலெக்ட்ரோவும் இதே வரம்புக்குள்தான் வாழ்கிறது. 600 கிலோ விமானம், சுமார் 25 யூனிட் பேட்டரி, ரிசர்வ் நீங்கலாக 50 நிமிடம் வரை பறத்தல். விமானத்தளத்தைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கக் கற்றுக்கொள்ளும் மாணவருக்கு அது போதும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக நினைப்பவருக்குப் போதாது. அதைக் கட்டியவர்கள் தங்கள் பேட்டரிக்கு ஏற்ற வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள். சான்றிதழ் வரை போய்ச்சேர்ந்தார்கள்.

நம் விமானம் முதல் முறை தரையை விட்டு எழுமுன் ஒரு சோதனை செய்தாக வேண்டும். வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில் விமானத்தைத் தரையில் கட்டிப்போட்டு, பேட்டரியை 20 சதவீதம் வரை வடியவிட்டு, அது ஆறுமுன் ஒரு பாதியைத் துண்டித்துவிட்டு, எஞ்சிய பாதியிலிருந்து 20 கிலோவாட்டை இரண்டு நிமிடம் இழுக்க வேண்டும். தொடராகக் கோத்த 28 செல் தொகுதிகளின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். சராசரி உதவாது, எந்தத் தொகுதி முதலில் சரிகிறதோ அதுதான் முக்கியம். அது 2.8 வோல்ட்டுக்குக் கீழே போகாமல், எந்தச் செல்லும் 60 பாகையைத் தொடாமல் இரண்டு நிமிடம் ஓடிவிட்டால் 20 சதவீதத்தை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளலாம். அப்படி ஓடாவிட்டால் கோட்டை 25-க்கோ 30-க்கோ உயர்த்தி, மறுநாள் அதே வெயிலில் மறுபடி சோதித்து, அதற்கேற்பப் பறக்கும் நிமிடங்களைக் குறைத்து எழுத வேண்டும். பிறகு ஐம்பது பயணத்துக்கு ஒரு முறை, பேட்டரி பழசாகப் பழசாக, இதே சோதனையைத் திரும்பச் செய்துகொண்டிருக்க வேண்டும்.